கட்டை வேகவில்லை என்றார்கள்

போன மாதம் ஒரு இளைஞர் போன் செய்தார். நான் கடைசியாக வேலை பார்த்த தாலுகாவில் இப்போது கிராம நிர்வாக அலுவலராக இருப்பவர். அவர் ஊருக்குப் பக்கத்தில் புதிதாக எரிவாயுத் தகனமேடை கட்டியிருக்கிறார்களாம். பிணத்தை அங்கே கொண்டுபோக ஒருவரும் சம்மதிக்கவில்லையாம்.

"சாம்பலை மாத்திக் குடுத்துடுவாங்கன்னு சொல்றாங்க சார். உள்ள தள்ளிக் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் எழுந்து உக்காந்தா எவன் பாக்கறதுன்னு கேக்கறாங்க. நான் என்னன்னுங்க சொல்றது?"

ஒரு நேரத்தில் ஒரு உடலைத்தான் வைப்பார்கள், அதன் சாம்பலை வாரி எடுத்த பிறகுதான் அடுத்தது என்று சொன்னேன். எழுந்து உட்காருவதைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகுதான், பாதி பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. மீதிப் பாதியை நான் தெரிந்துகொண்டது எண்பதுகளில், பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால், சித்தேரி மலையடியில் இருந்த ஒரு ஊரில். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பரம்பரை மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகளை எல்லாம் அரசு எடுத்துவிட்டு, பரீட்சை எழுதித் தேறியவர்களை ஊருக்கு ஒருவராகப் போட்ட காலம் அது. என் அப்பா நல்லம்பள்ளிப் பக்கம் அடுத்தவர் காட்டில் ஏர் ஓட்டியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். வேலைக்கான உத்தரவு வந்த அன்று அப்பா அதைக் கையில் வாங்காமல், "நீயே வச்சுக்க, என் கையெல்லாம் மண்ணு" என்றார். பயிற்சியில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கவும், எந்தக் காட்டில் என்ன பயிர் என்று அடங்கல் எழுதவும், மேலதிகாரி வந்தால் எழுந்து நிற்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். சுடுகாட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் சுடுகாடு புறம்போக்கு நிலம். அதற்கு நான்தான் பொறுப்பு. ஊரில் யார் செத்தாலும் பதிவு செய்ய வேண்டியவனும் நான். சாவில் சந்தேகம் என்றால் போலீசுக்கும் தாசில்தாருக்கும் எழுதி அனுப்ப வேண்டியவனும் நான். எதைப் பதிகிறோமோ அதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று அந்த வயதில் எனக்கு ஒரு பிடிவாதம். அதனால் எரிப்பு நடந்தால் போய் ஓரமாக நிற்பேன். ஊரில் பழைய பழக்கத்தில் என்னை மணியாரு என்றே கூப்பிட்டார்கள். "மணியாரு பொணத்துக்கும் சிட்டா எழுதுவாராட்டம் இருக்குதே" என்று டீக்கடையில் சிரிப்பார்கள்.

அப்படி நின்று பார்த்ததில், ஊரில் சொல்வது ஒன்றும் நடப்பது இன்னொன்றுமாக இருந்தது. உடல் சாம்பலாகிவிடும் என்பார்கள். ஆகாது. சதைதான் போகும், எலும்பு நிற்கும். மறுநாள் பால் தெளித்து எடுப்பது எலும்பைத்தான். மண்ணெண்ணெய் ஊற்றினால் சீக்கிரம் எரியும் என்பார்கள். மேலே குப்பென்று பிடித்து அடங்கிவிடும், அடியில் இருக்கிற கட்டை அப்படியே கிடக்கும். பிணம் எழுந்து உட்கார்ந்தது என்பார்கள். இதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. சூட்டில் தசை சுருங்கும்போது கை மடங்கும், முழங்கால் தூக்கும், சில நேரம் தோள்கூட எழும்பும். முதல்முறை பார்த்தபோது நானும் பின்வாங்கினேன். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் கேட்டேன். "தோலை வாட்டினா சுருங்காதா, அதான்" என்று சொல்லிவிட்டு ஊசி போடப் போனார்.

அந்தப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம் இருந்தன. அதில் ஒரு பெரியவர், தன்னைப் புதைக்காமல் எரிக்க வேண்டும், மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறுவதைப் பார்த்து மனசு ஒப்பவில்லை என்று சொல்லிவிட்டுச் செத்தார். எரித்தால் கடைசி நாளில் உயிர்த்தெழ முடியாது, திருச்சபை விடாது என்று, கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் மறித்தார். பங்குச் சாமியாரே சைக்கிளில் வந்து, அதற்கு அனுமதி கொடுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது என்று சொன்னார். உபதேசியார் என்னைத் தனியே கூப்பிட்டு, "சாமி ஊருக்குப் புதுசுங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். புதைத்துவிட்டார்கள். மேட்டுப் பக்கமாகக் குழி வெட்டினார்கள் என்பதுதான் பெரியவருக்குக் கிடைத்தது.

இனி முனியப்பன் விஷயம்.

முனியப்பனும் காவேரியும் அண்ணன் தம்பிகள். இரண்டு பேருக்கும் பொதுவில் ஒரு கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் முறைத் தண்ணீர். இருவரும் மஞ்சள் வைத்திருந்தார்கள். கரண்ட் இணைப்பு தம்பி காவேரி பெயரில் இருந்தது. அண்ணன் வயிறு வீங்கிப் படுக்கையில் விழுந்ததும், மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியைத் தன் அரைஞாணில் முடிந்துகொண்டான் காவேரி. அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லை. இரண்டு பெண்கள், கட்டிக்கொடுத்தாயிற்று. மனைவி மாதம்மாள் எத்தனை முறை கேட்டும், "அண்ணன் எழுந்து வரட்டும், பேசிக்கலாம்" என்பதே பதில். ஒருநாள் முனியப்பன் தடி ஊன்றி டீக்கடை வரைக்கும் வந்து, பத்துப் பேர் முன்னால் சொன்னார்: "எம் மொறைத் தண்ணி வராம என் கட்டை வேகாதுடா."

கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான். சொல்லிக் கொஞ்ச நாளில் செத்துப்போனார். தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்ட உடம்பு. ஊருக்கே தெரியும். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்த சாயங்காலம், தம்பி காவேரி மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தான்.

மறுநாள் காலை, பால் தெளிக்கத் தண்ணீர்க்குடம் கிளம்புவதற்கு முன்னால், சுடுகாட்டு வேலை பார்க்கும் மாரி சாம்பல் ஆறியிருக்கிறதா என்று பார்க்கப் போனார். பார்த்துவிட்டு நேரே என் ஆபீசுக்கு ஓடிவந்தார்.

"சார், வேகலீங்க."

மழைச் சேதம் பார்க்க வந்திருந்த ஆர்.ஐ. அப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வருவாய் ஆய்வாளர், எனக்கு நேர் மேலதிகாரி. சட்டை காலரில் அழுக்குப் படாமல் கைக்குட்டை மடித்து வைத்திருப்பார். எங்கே உட்கார்ந்தாலும் முதலில் செய்தித்தாளை விரிப்பார். எதையும் செய் என்று சொல்லமாட்டார், செய்யாதே என்றும் சொல்லமாட்டார். பிறகு ஏதாவது கேள்வி வந்தால், "நான் அப்படிச் சொன்னேனா?" என்பார். சொல்லியிருக்க மாட்டார்தான். அவர் பேனாவை எடுத்தால் நமக்கு ஆபத்து, டீ கேட்டால் சம்மதம் என்று நாங்களாகவே படித்து வைத்திருந்தோம்.

அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஓடைக்கு அந்தப் பக்கம் சுடுகாடு, ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றிப் போனோம். அதற்குள் ஆண்கள் கூடிவிட்டிருந்தார்கள். தலையும் கால்களும் எரிந்து போயிருந்தன. நெஞ்சிலிருந்து இடுப்பு வரைக்கும் கருகிய முண்டமாகக் கிடந்தது. மேலே பூசிய மண் பாளம் பாளமாக வெந்து ஒட்டியிருந்தது.

மாதம்மாளின் தம்பி கோவிந்தன் கத்திக்கொண்டிருந்தான். "வெசம் போன ஒடம்பு வேகாதுய்யா! என் மாமனுக்கு எதையோ குடுத்துட்டு, கொள்ளியும் அவனே வச்சான் பாரு. எப்படிய்யா புடிக்கும்?"

"வெசமும் இல்ல ஒண்ணும் இல்ல. டீக்கடையில அவரே சொன்னாரில்ல, மொறைத் தண்ணி வராம வேகாதுன்னு. வேகல" என்றார் இன்னொருவர்.

காவேரி ஈரத்துண்டோடு நின்றான். மழித்த தலை. யாரும் அவன் பக்கத்தில் நிற்கவில்லை.

ஆர்.ஐ. பேனாவை எடுத்தார். "வெசம்னு பத்துப் பேரு காதுல விழுந்தாச்சு. இதுக்கு மேல இதை யாரு எரிச்சாலும், நாளைக்கு ஒரு பெட்டிஷன் வந்தா, தடயத்தை அழிச்சவன்னு அவன் பேருதான் வரும். எழுதி அனுப்பிட்டா போலீஸ் பாடு." பிறகு சேர்த்துக்கொண்டார்: "எழுதுன்னு நான் சொல்லல."

எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மீதி உடலைச் சாக்கில் கட்டித் தர்மபுரிக்குக் கொண்டுபோவார்கள். காவேரியைக் கூட்டிப்போய் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். பிறகு என்ன தெரிந்தாலும், அண்ணனைக் கொன்றவன் என்ற பேச்சு அந்த ஊரில் அவனோடேயே இருக்கும்.

விறகைப் போய்ப் பார்த்தேன். வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலங் கட்டை. பட்டைக்கு அடியில் இன்னும் பச்சை இருந்தது. வெட்டுவாயில் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தின நாள் காலையில் வெட்டி அன்று சாயங்காலமே அடுக்கியிருக்கிறார்கள். ஒழுங்காக அடுக்குவது எப்படி என்பதை மாரியிடமே பார்த்திருக்கிறேன். அடியில் இரண்டு பருத்த கட்டையைக் குறுக்கே போட்டு, காற்று நுழைய இடம் விட வேண்டும். அதன்மேல் நீளவாக்கில் கட்டை, வறட்டி, உடல். நெஞ்சுக்கும் இடுப்புக்கும்தான் காய்ந்த கட்டை நிறைய வேண்டும். அங்கேதான் சதையும் நீரும் அதிகம், கடைசியாக வேகிற இடம் அது. பிறகு வைக்கோல் போட்டு மண் பூசி, பக்கவாட்டில் துளை விட வேண்டும். அன்று தூறலில் அவசரமாகப் பூசியதில் துளை எல்லாம் அடைந்து போயிருந்தது. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. நீர் கோத்த வயிறு வேறு.

இதையெல்லாம் மாரியிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஈர வெறகுல எத்தினியோ பேரை வேக வச்சிருக்கறேன் சார். நேரம் கூட ஆவும், அவ்ளோதான். இது அந்த மனுசன் மனசுங்க."

ஆர்.ஐ.யிடம் போய், "அந்தம்மாவைக் கேட்டுட்டு எழுதட்டுங்களா?" என்றேன்.

"வேணாம்னு நான் சொன்னேனா?"

பெண்கள் சுடுகாட்டுக்குள் வருகிற வழக்கம் அங்கே இல்லை. ஆள் அனுப்பியதும் மாதம்மாள் ஓடைக்கரை வரைக்கும் வந்து நின்றார். முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கரையிலிருந்து நான் கேட்டேன். ஆண்கள் எல்லாம் என் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

"அம்மா, உங்க வூட்டுக்காரருக்கு யாராச்சும் எதையாச்சும் குடுத்திருப்பாங்கன்னு உங்களுக்குச் சந்தேகம் இருக்குதுங்களா?"

"யாரு சொன்னது?"

"நான்தான் அக்கா சொன்னேன்" என்றான் கோவிந்தன்.

"நீ எப்ப வந்து பாத்த? ஆறு மாசத்துல ஒருநாள் எட்டிப் பாத்தியா? அவருக்குக் கஞ்சி ஊத்தினது நானு. மாத்திரை குடுத்தது நானு. வெசம்னா நான்தான் வச்சிருக்கணும். என்னைப் புடிச்சுக் குடுக்கறியா?"

கோவிந்தன் கூட்டத்துக்குள் நகர்ந்துகொண்டான். மாதம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மணியாரே, வெசம்னு நான் சொல்ல மாட்டேன். பொய் சொன்னா எனக்கு ஆவாது. ஆனா வேகலை பாருங்க. ஏன் வேகலைன்னு ஊருக்கே தெரியும்." சொல்லும்போது அவர் கண் காவேரியின் இடுப்பில் இருந்த சாவி மேல் இருந்தது.

பின்னால் ஆர்.ஐ. பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தும் சத்தம் கேட்டது. "இந்த ஊர்ல டீ நல்லா இருக்குமா?" என்றார். ஸ்கூட்டரைக் கிளப்பினார். "நான் வர நேரமாகும். இங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

காய்ந்த விறகு வேண்டும். ஒரு வாரமாக மழை, ஊரில் எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தோம். காவேரிதான் முதல்முறையாக வாயைத் திறந்தான். "மஞ்ச வேக வைக்கன்னு புளியங்கட்டை போட்டு வச்சிருக்கறேனுங்க. மோட்டார் ரூமுல. நனையல."

"அவன் வெறகுலயா எங்க மாமன் வேகணும்?" என்று மறுபடி எகிறினான் கோவிந்தன்.

அந்தக் கரையிலிருந்து மாதம்மாள் குரல் வந்தது. "அதுல பாதி உங்க மாமன் வெட்டுனதுடா. கொண்டாரச் சொல்லு."

வண்டியில் கொண்டுவந்தார்கள். மாரியும் இன்னும் இரண்டு பேரும் நீண்ட மூங்கில் கழியால் நெம்பி, பழைய ஈரக்கட்டையை எல்லாம் ஒதுக்கினார்கள். தேங்கிய தண்ணீரை மண்வெட்டியால் வாய்க்கால் கீறி வடித்தோம். அடியில் கருங்கல் வைத்து அதன்மேல் குறுக்குக்கட்டை. வறட்டி வரிசை. முண்டத்தைச் சுற்றிலும் மேலும் புளியங்கட்டை. மண் பூசவே விடவில்லை நான். ஊரிலிருந்து பழைய தகரத்தைக் கொண்டுவந்து, மழை விழாமல், காற்றும் போகும்படி எட்டத்தில் கம்பு நட்டு மேலே கட்டினோம். பழைய குவியலின் நடுவில், மண்பாளத்துக்குள் கங்கு மிச்சம் இருந்தது. அதையே எடுத்து வைத்தார் மாரி. ஒரே உடலுக்கு இரண்டாவது கொள்ளி வைக்கத் தேவையில்லாமல் போனதில் அவருக்கு ஒரு நிம்மதி.

பிடித்துக்கொண்டது. புளியங்கட்டைத் தீ சத்தம் போடாது, நின்று எரியும். மதியம் கழிந்து வயிற்றுப் பக்கம் ஒருமுறை சீறியது. கூட்டம் பின்வாங்கியது. "தண்ணிதாங்க அது" என்றேன். மாரி கழியால் இரண்டு முறை தள்ளிக் கொடுத்தார். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது. எலும்புதான் கிடந்தது, வெள்ளையாக.

"பாத்தீங்கல்ல, விறகுதான்" என்றேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஒரு ஆள் பழியிலிருந்து தப்பினான். விஷமும் இல்லை, சாபமும் இல்லை என்று ஊரே கண்ணால் பார்த்துவிட்டது. காவேரி அண்ணன் காலடிப் பக்கம் விழுந்து கும்பிட்டான். கோவிந்தன்கூட, "சரி, விடுங்க" என்றான்.

மாதம்மாள் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்திருந்தார். பகலெல்லாம் நகரவில்லை. போய்ச் சொன்னேன்.

"வெந்துடுச்சுங்கம்மா."

"முழுசாவா?"

"முழுசா."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை. "அப்ப அவரு ஒண்ணும் கேக்கலைங்களா?" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. ஊரில் அவருக்காகப் பேச ஆண் பிள்ளை கிடையாது. கரண்ட் அவர் பெயரில் கிடையாது. செத்தவருடைய வேகாத உடம்பு ஒன்றுதான் அவர் பக்கம் நின்றது. அதை நான் காய்ந்த விறகு போட்டு எரித்து முடித்துவிட்டேன்.

மாதம்மாள் எழுந்து, எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"நாளைக்குப் பாலு தெளிக்கத் தண்ணி எந்த வூட்டுல இருந்து போவணும்?"

"உங்க வூட்டுல இருந்துதாம்மா. அதானே மொறை" என்றார் ஒரு பெரியவர்.

"போர் பைப்புத் தண்ணியா ஊத்துவீங்க?"

"அதெப்படி. அவங்கவங்க கெணத்துத் தண்ணிதான்."

"எங்க வூட்டுல கெணத்துத் தண்ணி இல்லீங்களே. மூணு மாசமா இல்ல."

"நானே ஒரு கொடம் கொண்டாறேன் அண்ணி" என்றான் காவேரி.

"நீங்க கொண்டாந்தா அது உங்க வூட்டுத் தண்ணி தம்பி. உங்க அண்ணன் வூட்டுத் தண்ணி ஆவாது."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "காவேரி, காலையில இருந்து உனக்காக நின்னுருக்கோம். இருட்டப் போவுது. சாவியக் குடுத்துட்டு வா."

காவேரி உடனே கொடுக்கவில்லை. எரிந்து அடங்கிய இடத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அரைஞாணை அவிழ்த்தான். ஈரத்தில் முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. அவன் ஓடைக்குள் இறங்கவில்லை. என் கையில் கொடுத்தான். நான் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய் மாதம்மாளிடம் கொடுத்தேன். அவர் முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தார்.

ஆர்.ஐ. திரும்பி வரும்போது எல்லோரும் கலைந்திருந்தார்கள். என் நனைந்த வேட்டியைப் பார்த்தார். "மழைச் சேதம் எழுதியாச்சா?" என்றார். இல்லை என்றேன். "நாளைக்கு எழுது" என்றார். அவர் எனக்கு நேரடியாக இட்ட ஒரே கட்டளை அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் விடியற்காலையில் மோட்டார் ஓடும் சத்தம் நான் படுத்திருந்த ஆபீஸ் வரைக்கும் கேட்டது. ஒரு குடம் தண்ணீருக்கு ஓடுகிற நேரத்தைவிட ரொம்ப நேரம் ஓடியது. மஞ்சள் காட்டுக்குப் பாய்ந்திருக்க வேண்டும், மழை பெய்த ஈரம் காயாத காட்டுக்கு. சாவியைக் காவேரி பிறகு கேட்டானா என்று தெரியாது. தை பிறந்து நான் அடங்கல் எழுதப் போனபோது, மோட்டார் ரூம் கதவில் பழைய பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டும் தொங்கியது. இரண்டையும் ஒரே சங்கிலியில் கோத்திருந்தார்கள். எதைத் திறந்தாலும் கதவு திறக்கும்.

நேற்று அந்த இளைஞருக்கு நானே போன் செய்தேன். சாம்பல் மாறிவிடும் என்று முதலில் சொன்னவர் யார் என்று கேட்டேன். தெரியவில்லை, விசாரிக்கிறேன் என்றார். விசாரிக்கும்போது சாம்பலைப் பற்றிக் கேட்காதீர்கள், அவருக்கு வர வேண்டியது எது வராமல் இருக்கிறது என்று கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.